அண்ணனின் வங்குரோத்தும் தங்கையின் கையெழுத்தும்

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

தாயார் நன்கொடை உறுதியாக எழுதிக்கொடுத்த ஆறு பரப்புக் காணியில் இவருக்கும் ரொறன்ரோவில் வசிக்கும் தமையனாருக்கும் பிரிபடாத அரைப்பங்கு வீதம் உண்டு. தாயாரின் சத்திரசிகிச்சைச் செலவைத் தான் தருவதாகத் தமையன் சொன்னதை நம்பி, 2019 இல் இவர் நகைகளை அடகுவைத்து 12 இலட்சம் ரூபாவைக் கட்டினார். அந்தக் காசு இன்றுவரை வரவில்லை. கடந்த மாசியில் தமையன், தான் ‘பாங்க்ரப்ட் அடித்துவிட்டதாக’த் தொலைபேசியில் சொல்லி, காசுக்குப் பதிலாகத் தன் அரைப்பங்குக் காணியை எடுத்துக்கொள்ளும்படியும், அதைச் சீக்கிரம் செய்யவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். இதற்கிடையில் வாசகியின் கணவர் திருநெல்வேலியில் நடத்திவரும் ஹாட்வெயார் கடை 2022 இன் விலையேற்றத்துக்குப் பின் நிமிரவேயில்லை. வங்கிக் கடனில் இன்னும் 40 இலட்சம் மூலதொகை நிலுவையில் உண்டு. லொறிக்கு லீசிங் உண்டு. வட்டிக்குக் கொடுத்த ஒருவரிடம் திகதியிடாத காசோலைகள் மூன்று உண்டு. வாசகி மூன்று கேள்விகள் கேட்கிறார். அண்ணன் சொல்வது உண்மையா என்று அறியக் கனடா நீதிமன்றத் தீர்ப்பின் பிரதியை எடுப்பது எப்படி? காணியை இப்போதே எழுதி வாங்கலாமா? அண்ணன் செய்ததை இங்கே கணவரும் செய்தால் எல்லாக் கடனும் தீருமா, தன் சீதன வீடு தப்புமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த அற்றோணித் தத்துவ (ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) வரைவைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். திகதி எழுதவேண்டிய இடத்தில் பென்சிலால் ‘2023 வைகாசி’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும், உங்களுடைய இரண்டாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விட அவசரமானது என்று விளங்கிவிட்டது. இருந்தாலும் நீங்கள் கேட்ட ஒழுங்கிலேயே வருகிறேன், ஏனென்றால் முதற்கேள்விக்கான விடை தெரியாமல் இரண்டாவதற்கு விடை சொல்ல முடியாது.

அங்கே தீர்ப்பு இல்லை, பதிவு இருக்கிறது

வங்குரோத்து என்றதும் நீதவான், வழக்கு, தீர்ப்பு என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். கனடாவில் ஒரு தனிமனிதர் தானாக விரும்பி வங்குரோத்துக்குப் போகும்போது பெரும்பாலும் எந்த நீதிபதியும் அவரைக் காண்பதில்லை. உரிமம் பெற்ற ட்ரஸ்டி ஒருவர் பத்திரங்களைத் தயாரித்து, மத்திய அரசின் வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார். அந்த நிமிடத்திலிருந்து கடனாளியின் சொத்து, சட்டம் விலக்களித்தவை நீங்கலாக, ட்ரஸ்டியின் கைக்குப் போகிறது. யாராவது ஆட்சேபித்தால், அல்லது ஏதாவது பிணக்கு எழுந்தால் மட்டுமே விடயம் நீதிமன்றத்துக்கு ஏறும். ஆகவே நீங்கள் தேடவேண்டியது அந்த அலுவலகத்தின் பதிவேட்டை. 1978 முதலான பதிவுகள் அதில் உண்டு. இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு தேடலுக்கு 8 கனேடிய டொலர் கட்டணம். கனடாவிலுள்ள உறவினர் எவரேனும் தமது வங்கி அட்டையால் கால்மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது.

ஆனால் நம்மவர் பெயரைத் தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தகப்பன் பெயர் முன்னால் வரும் வழக்கம் நம்முடையது. கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராகிவிடும், அல்லது இரண்டும் இடம்மாறிவிடும். ‘த’ என்ற எழுத்தை ஒருவர் ஆங்கிலத்தில் டி என்று மட்டும் எழுதுவார், அவருடைய கூடப்பிறந்தவரே டிஎச் என்று எழுதுவார். ஓர் எழுத்துமுறையில் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை, அண்ணன் பொய் சொல்கிறார்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவருடைய கனேடியச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ளபடியான எழுத்துகளைக் கேட்டுப் பெற்று, பெயர்களை மாற்றிப்போட்டும் தேடச் சொல்லுங்கள்.

பதிவு கிடைத்தால் கோவை இலக்கம், பதிவான திகதி, ட்ரஸ்டியின் பெயர், கடன்களிலிருந்து விடுதலை கிடைத்ததா என்பன தெரியவரும். இவற்றில் உங்களுக்கு மிக முக்கியமானது, பதிவானது எந்த வகை என்பது. ஊரில் எல்லாவற்றையும் ‘பாங்க்ரப்ட் அடித்தல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அங்கே தனிமனிதருக்குச் சட்டம் தரும் முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று முழு வங்குரோத்து. மற்றையது, வசிக்கும் வீட்டின் ஈடு நீங்கலாக இரண்டரை இலட்சம் டொலருக்கு மேற்படாத கடன் உள்ளவர்கள், அதில் ஒரு பகுதியை ஐந்து வருடங்களுக்குள் கட்டித் தீர்ப்பதாகக் கடன் கொடுத்தோருடன் செய்துகொள்ளும் ஏற்பாடு. இந்த இரண்டாவது வழியில் சொத்து ட்ரஸ்டியிடம் போவதில்லை, கடனாளியிடமே இருக்கும். உங்கள் அண்ணன் எதைச் செய்தார் என்பதில்தான் காணியின் கதை தங்கியிருக்கிறது. பதிவேடு பார்ப்பதற்கு முன்பே அவரிடம் நேராகக் கேட்கவும் செய்யுங்கள். அவரிடம் தன் சொத்தையும் கடனையும் நிரல்படுத்திக் கையொப்பமிட்டுக் கொடுத்த கூற்றின் பிரதி நிச்சயம் இருக்கும். அந்தக் கூற்றில் கோண்டாவில் காணி இருக்கிறதா, உங்களுடைய 12 இலட்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எட்டு டொலர் தேடலைவிடப் பயனுள்ளது.

காணியை இப்போது எழுதி வாங்காதீர்கள்

‘கனடாக் கடனுக்கும் கோண்டாவில் காணிக்கும் என்ன சம்பந்தம், அவர்கள் இங்கே வந்தா அளக்கப் போகிறார்கள்?’ என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. அங்குள்ள ட்ரஸ்டி யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்துக்கு வந்து, கனேடியப் பத்திரமொன்றைக் காட்டி, பெயரை மாற்றிக்கொண்டு போகமுடியாது. காணி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் சட்டமே அதை ஆளும். மற்றப் பாதிதான் ஆபத்து. கனேடியச் சட்டம் ‘சொத்து’ என்று சொல்லும்போது கனடாவுக்குள் இருப்பதையும் வெளியே இருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதை வெளிப்படுத்துவதும், ட்ரஸ்டி கேட்கும் உறுதிகளிலும் தத்துவங்களிலும் கையொப்பமிடுவதும் கடனாளியின் கடமைகள். மறைப்பது குற்றம். முதற்தடவை வங்குரோத்தானவருக்கு, வருமானம் வரம்புக்குள் இருந்தால், ஒன்பது மாதத்தில் தானாகவே கிடைக்கக்கூடிய விடுதலையும் இதனால் ஆட்சேபிக்கப்பட்டு நின்றுபோகும். அவர் கட்டிய காசும் பட்ட அவமானமும் வீணாகிவிடும்.

முழு வங்குரோத்து என்றால், அது பதிவான திகதிக்குப் பின் அந்த அரைப்பங்கை உங்களுக்குத் தர அவருக்கு அங்குள்ள சட்டப்படி அதிகாரமே இல்லை. அதனால்தான் அந்தப் பென்சில் திகதி வந்திருக்கிறது. அதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இன்று எழுதும் பத்திரத்துக்குப் பழைய திகதி போடுவது ஒரு சின்னச் சூழ்ச்சி அல்ல, போலி ஆவணம் ஆக்குவது. இங்கே காணி உறுதி நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளுடன் முடிக்கப்படவேண்டும் என்பது 1840 இலிருந்து உள்ள சட்டம். முடித்த உறுதிகளின் இரட்டைப் பிரதியை நொத்தாரிசு அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். 2023 வைகாசியில் முடித்ததாகச் சொல்லப்படும் உறுதிக்கு அந்த ஆனியில் பிரதி போயிருக்கவேண்டும் அல்லவா? திகதி உண்மையாகவே 2023 ஆக இருந்தாலும் தப்பமுடியாது. உறவினருக்குக் குறைந்த விலைக்கோ விலையின்றியோ கைமாறிய சொத்தை ஐந்து வருடம்வரை பின்னோக்கிக் கிளற அங்குள்ள சட்டம் இடமளிக்கிறது. இங்கேயும், கடன் கொடுத்தோரை ஏமாற்றச் செய்த கைமாற்றத்தை இரத்துச் செய்யக் கேட்கும் வழக்கொன்று உறோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக நமக்கு வந்திருக்கிறது. போலியன் வழக்கு என்பார்கள். பெயர்தான் அப்படி, வழக்கில் போலி ஒன்றும் இல்லை.

‘நான் ஏமாற்றவில்லையே, எனக்கு வரவேண்டிய காசுக்குத்தானே காணி’ என்று நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது மனம் சங்கடப்பட்டது. உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் கடன் கொடுத்த பலரில் உறவினரை மட்டும் முதலில் திருப்திப்படுத்துவதைத்தான் வங்குரோத்துச் சட்டம் எங்கும் தடுக்கப் பார்க்கிறது. உங்களுக்கு நேரான வழிகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, நீங்களும் ஒரு கடன் கொடுத்தவர். தங்கை என்பதால் அந்த உரிமை இல்லாமற் போகாது. அண்ணன் உங்களைக் கூற்றில் சேர்க்காவிட்டாலும், நீங்களே ட்ரஸ்டிக்கு எழுதி உரிமைக் கோரிக்கைப் படிவத்தைப் பெற்று நிரப்பி அனுப்பலாம். வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகள், அடகுத் துண்டுகள், ‘அந்தப் பன்னிரண்டையும் தைக்குள் போட்டுவிடுவேன்’ என்று அவர் வைபரில் அனுப்பிய செய்தி எல்லாம் சான்றுகள். முழுத்தொகையும் வராது, மற்றவர்களுடன் விகிதப்படி ஒரு பங்கு வரும், சிலவேளை அதுவும் சொற்பமாகவே வரும்.

இரண்டாவது, காணியை வெளிப்படையாக வாங்குவது. பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்க முன் கூட்டுச் சொந்தக்காரருக்கு அறிவித்து, அவருக்கு வாங்கச் சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும் என்ற முன்கொள்வனவு உரிமை யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் உண்டு. 1947 இன் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை வரையறுத்திருக்கிறது. காணியை மதிப்பீடு செய்வித்து, நியாயமான விலை சொல்லி, ட்ரஸ்டியின் எழுத்துமூலச் சம்மதத்துடன் அண்ணன் உங்களுக்கு அறுதி உறுதி முடித்துத் தரலாம். பிரிபடாத அரைப்பங்கை, அதுவும் மற்றப் பங்குக்காரி குடியிருக்கும் அயலில், வெளியார் அதிக விலைக்குக் கேட்கப்போவதில்லை என்பதால் ட்ரஸ்டியும் பொதுவாக இத்தகைய விற்பனையையே விரும்புவார். காசு இப்போது உங்களிடம் இல்லை என்பது தெரியும். விற்பனைக்கு அவசரமும் இல்லை. பதிவானது இரண்டாவது வகை ஏற்பாடு என்று தெரியவந்தால் அண்ணன் காணியைத் தன்னிடமே வைத்திருக்கலாம். அப்போதும் அது கூற்றில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

இங்கே கணவர் செய்யக்கூடியது

நாடே 2022 சித்திரை 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த பின்னர் வங்குரோத்து என்ற சொல் நம் வாயில் மலிந்துவிட்டது. ஆனால் தனிமனிதர் ஒருவர் இலங்கையில் வங்குரோத்து அடைவதற்கான சட்டம், 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலச் சட்டத்தின் அச்சில் வார்த்தது. கடனாளியோ கடன் கொடுத்தவரோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இங்கு வழக்குக் கோவை உண்டு, வர்த்தமானி அறிவித்தலும் உண்டு. பழைய வர்த்தமானிகளைப் புரட்டினால் இத்தகைய அறிவித்தல்கள் பக்கம் பக்கமாக வரும். கனடாவைப் போலப் பெயரைத் தட்டித் தேடும் வசதி இல்லாததால், ஒருவர் இங்கு வங்குரோத்தானவரா என்று அறிய வர்த்தமானியில் வழக்கிலக்கத்தைக் கண்டு, நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கவேண்டும்.

சொத்துப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டு, கணக்குகள் ஆராயப்பட்டு, கடனாளி பகிரங்கமாக விசாரிக்கப்பட்ட பின்னரே நீதிமன்றம் விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்கும். அந்தச் சான்றிதழிலும் மூன்று தரம் உண்டு: தவிர்க்கமுடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதல் தரம், தன் தவறும் ஓரளவு கலந்திருந்தால் இரண்டாம் தரம், மற்றவருக்கு மூன்றாம் தரம். கடனாளிக்குப் பரீட்சைப் பெறுபேறு போல் தரம் போடும் சட்டத்தை இந்தக் காலத்தில் எவரும் எழுதமாட்டார்கள். நடைமுறையில் இந்த வழியில் போவோர் மிக அரிது. உங்கள் கணவருக்கு நான் இதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன்.

காரணம், அவருடைய கடன்களில் பாரமானவை எவையும் இதனால் கரையமாட்டா. வங்கிக்குக் கடைக் காணி ஈடாக இருக்கிறது. ஈட்டின்மீதான உரிமை வங்குரோத்தால் அழியாது. லொறி, தவணை முடியும்வரை லீசிங் கம்பனியின் சொத்து. திகதியிடாத காசோலைகள்தான் எனக்கு அதிகம் கவலை தருகின்றன. கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990 இன் 2 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகலாம். கடன் சிவிலாக இருந்தாலும் காசோலை அதைக் குற்றவியல் பக்கம் இழுத்துவிடும். அந்த மனிதருடன் முதலில் பேசி, தவணை ஒப்பந்தம் ஒன்றை எழுத்தில் செய்து, காசோலைகளைத் திருப்பி வாங்கப் பாருங்கள். வங்கி நீதிமன்றம் போகாமல் காணியை ஏலம்விட்டுவிடும் என்று கணவர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். மூலதொகை ஐந்து மில்லியனுக்குக் குறைந்த கடனுக்கு அந்த வழி பொருந்தாது. உங்களுடையதில் இப்போது நிலுவை 40 இலட்சம். முதலில் எடுத்த மூலதொகையும் ஐந்து மில்லியனுக்குக் குறைவென்றால் வங்கி வழக்குத்தான் போடவேண்டும். போட்டால், நீதிமன்றக் கட்டளையைக் கொண்டுவரும் பிஸ்கல் உத்தியோகத்தர் வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கடன் அறவிடல் வழக்கில் முதல் நாளிலேயே நிபந்தனைக் கட்டளை பிறந்துவிடும். குறித்த நாளில் தோன்றி, எதிர்த்து வாதாட அனுமதி கேட்காவிட்டால் அது முடிந்த கட்டளையாகிவிடும்.

இனிச் சீதன வீடு. தேசவழமை உங்களைக் காப்பாற்றும் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். கணவரின் கடனைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவியின் தனிச்சொத்து கணவரின் கடனுக்குப் பொறுப்பாகாது. அந்தச் சொத்தின் பயிர்ச்செய்கை, திருத்தம், பராமரிப்பு, வரி ஆகியவற்றுக்காகப் பட்ட கடன் மட்டுமே விதிவிலக்கு. கடைக்குச் சீமெந்து வாங்கிய கடன் அதற்குள் வராது. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘வங்கியில் நானும் பிணைக்குக் கையெழுத்து வைத்தேன், சும்மா சம்பிரதாயத்துக்கு என்று சொன்னார்கள்.’ அந்த ஒரு வரியால் அது உங்களுடைய சொந்தக் கடன் ஆகிவிட்டது. உங்கள் கடனுக்கு உங்கள் தனிச்சொத்துப் பொறுப்பு. ‘முதலில் கடனாளியிடம் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வாருங்கள்’ என்று சொல்லப் பிணையாளிக்குச் சட்டம் தரும் உரிமையையும், வங்கிப் படிவங்களில் பொதுவாக நாம் விட்டுக்கொடுத்தே கையெழுத்திடுகிறோம். கணவர் வங்குரோத்தானாலும் பிணையாளியான உங்களுக்கு விடுதலை இல்லை. கனடாவிலும் இதுவே நிலை. அண்ணனுக்காக அங்கு எவராவது பிணை நின்றிருந்தால் அவர்களும் இப்போது இதே பயத்தில்தான் இருப்பார்கள்.

அதற்காக வீட்டை இப்போது பிள்ளையின் பெயருக்கு மாற்றிவிடலாமா என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கலாம். அண்ணனின் காணிக்கு நான் சொன்ன மறுமொழியே அதற்கும்.

செய்யவேண்டியது, வழக்கு வருமுன் வங்கி முகாமையாளரைச் சந்தித்துக் கடனை மறுசீரமைக்கக் கேட்பது. எவ்வளவு கட்டமுடியும் என்ற கணக்குடன் போங்கள். கடன் தகவல் பணியகத்திலிருந்து (கிரிப்) உங்கள் இருவருடைய அறிக்கைகளையும் எடுத்துவிட்டுப் போவது நல்லது. ‘கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது, இனி எங்கும் கடன் கிடையாது’ என்று நம்மவர் பயப்படுவார்கள்; பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, கடன்களையும் அவை கட்டப்பட்ட விதத்தையும் உள்ளபடி காட்டுகிறது. நீங்கள் மறந்துபோன பிணை ஏதும் இருந்தால் அதிலே தெரியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடையில் நாளாந்தம் கடனுக்குக் கொடுத்த சாமான்களை எழுதும் கொப்பியில் ஒன்பது இலட்சத்துக்கு மேல் வரவேண்டியிருப்பதாகக் கணவர் சொன்னாராம், ‘அதைக் கேட்டால் பகை’ என்றும் சொன்னாராம். விற்றுக் கொடுத்த பொருளுக்கான கடைக் கடனைக் கேட்டு வழக்கிட, 1871 இன் காலாவதிக் கட்டளைச் சட்டம் ஒரு வருடம்தான் தருகிறது. வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அல்லது ஒரு பகுதியைக் கட்டினால், காலம் புதிதாகத் தொடங்கும். ஆகவே சண்டை வேண்டாம். ஒவ்வொருவரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டி, மீதித் தொகையின் கீழே திகதியுடன் ஒரு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வீடு கட்டி முடித்த மேசன்மாரும் ஒப்பந்தகாரரும் தருவார்கள். நாளைக்கும் அவர்களுக்குக் கடை வேண்டும்.

அற்றோணித் தத்துவ வரைவை எவருக்கும் அனுப்பாமல் உங்களிடமே வைத்திருங்கள். பதிவேட்டுத் தேடலின் பிரதி, நன்கொடை உறுதி, வங்கியில் கையெழுத்திட்ட பிணைப் பத்திரத்தின் பிரதி, கடைக் கொப்பி ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கட்டணம் கட்ட வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள். பிணைப் பத்திரத்தின் பிரதியை வங்கி தரத் தயங்கினால் எழுத்தில் கேட்டு, கேட்ட கடிதத்தின் பிரதியில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.